கற்பிக்கும் கிறிஸ்துமஸ் பரிசுகள்: ஒரு வரலாறு

கிறிஸ்துமஸ் நாளில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகளில் வளர்ந்தது. அதற்கு முன்பு டிசம்பர் 6-ஆம் தேதி, புனித நிக்கோலஸ் திருநாளில்தான் பிள்ளைகளுக்கு இனிப்பும் பொம்மையும் கிடைத்தன. புனிதர் வணக்கத்தை ஏற்காத மார்ட்டின் லூதரும் அவர் வழி வந்தவர்களும் பரிசைக் குழந்தை இயேசுவின் பெயருக்கும் அவர் பிறந்த நாளுக்கும் மாற்றினார்கள். நியூரம்பெர்க் நகரத்தின் டிசம்பர் சந்தைக்கே குழந்தை இயேசுவின் பெயர்தான். அந்தச் சந்தையைப் பற்றிய மிகப் பழைய சான்று 1628-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பரிசாக அனுப்பப்பட்ட ஒரு மரப்பெட்டியின் அடியில் எழுதிய குறிப்பு அது. இங்கிலாந்தில் நெடுங்காலம் புத்தாண்டுதான் பரிசு நாள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது கிறிஸ்துமஸுக்கு நகர்ந்தது. பரிசு கொடுக்கும் நாள் இப்படி மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே, எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கும் புதிய விடைகள் பிறந்தன. குழந்தையை மகிழ்விக்கும் பொருள் அதற்கு எதையாவது கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்று பெற்றோரும் வியாபாரிகளும் நினைக்கத் தொடங்கினார்கள்.

இந்த எண்ணத்துக்கு அறிவுலக மதிப்பைத் தந்தவர் ஜான் லாக். 1693-இல் வெளிவந்த தம்முடைய கல்வி நூலில், எழுத்துப் பயிற்சியைக் குழந்தை சுமையாக உணரக் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். பல முகங்கள் கொண்ட தந்தப் பந்தில் எழுத்துகளை ஒட்டி, பெரியவர்கள் தங்களுக்குள் உருட்டி விளையாட வேண்டும். குழந்தை தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்பது அவர் சொன்ன வழி. எழுத்துக்கட்டைகள் அடுத்து வந்த நூற்றாண்டில் வீடுகளுக்குள் பரவின. லாக் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு: ஆட்டத்தில் சேரும்படி குழந்தையை யாரும் அழைப்பதில்லை, அதன் ஆசை முந்திக்கொள்கிறது. பின்னால் வந்த வியாபாரிகளில் பலர் இதை மறந்துவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டன் பதிப்பாளர் ஜான் நியூபெரி, லாக்கின் கொள்கையைக் கடைச்சரக்காக மாற்றியவர். 1744-இல் அவர் வெளியிட்ட குட்டிச் சட்டைப்பை நூலின் விலை ஆறு பென்ஸ். இரண்டு பென்ஸ் கூடுதலாகக் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்தும் பெண்ணுக்கு ஓர் ஊசித்தலையணையும் கூடவே கிடைக்கும். பந்தின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. நல்ல காரியத்துக்குச் சிவப்பிலும் கெட்ட காரியத்துக்குக் கறுப்பிலும் ஊசி குத்திக் கணக்கு வைக்க வேண்டும். இது இன்றைய கண்ணுக்குச் சற்றுக் கடுமையாகத் தெரியலாம். ஆனால் பின்னால் வந்த நூல்களில் நியூபெரி நல்லொழுக்கக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1761-இல் டாம் டெலஸ்கோப் என்ற சிறுவனின் பெயரில் வந்த நூல், விடுமுறையில் கூடிய பிள்ளைகளுக்கு நியூட்டனின் இயற்பியலைப் பம்பரத்தையும் பந்தையும் வைத்தே விளக்கியது. குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும் விளையாட்டுச் சாமானிலிருந்து அறிவியலைத் தொடங்கியது அந்தக் காலத்துக்கு உண்மையிலேயே புதுமை. கிறிஸ்துமஸ் பரிசு, புத்தாண்டுப் பரிசு என்ற பெயர்களைத் தலைப்பிலேயே தாங்கிய சிறுவர் நூல்களையும் அவர் வெளியிட்டார். பரிசுக்கென்றே புத்தகம் அச்சிடும் தொழில் அங்கிருந்து கிளைத்தது.

அதே லண்டனில், 1760-களில், ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குக் கலைஞர் நிலப்படங்களை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்றார். அரசரின் நிலப்படக்காரர் தாமஸ் ஜெஃப்ரிஸிடம் தொழில் பழகியவர் அவர். 1763-ஆம் ஆண்டு வணிகர் பட்டியல், புவியியல் கற்பிப்பதை எளிதாக்க நிலப்படங்களை மரத்தில் பிரிப்பவர் என்று அவரை அறிமுகம் செய்கிறது. உலகம், நான்கு கண்டங்கள், இங்கிலாந்தும் வேல்ஸும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து என எட்டுப் படங்கள் அவரிடம் கிடைத்தன. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகள் தங்கள் ஆசிரியை லேடி ஷார்லட் ஃபின்ச்சிடம் இத்தகைய வெட்டுப்படங்களைச் சேர்த்தே புவியியல் படித்தார்கள்; அவற்றை வைத்திருந்த அலமாரி இன்றும் இருக்கிறது. ஸ்பில்ஸ்பரி 1769-இல், 30 வயதுக்குள்ளேயே இறந்துபோனார். அவர் படைத்தது பாடப்பொருள் மட்டுமே. படத்தைத் துண்டாக்கிச் சேர்ப்பதில் உள்ள இன்பம் பாடத்தைவிடப் பெரியது என்பதைப் பிற்காலத்தார் கண்டுகொண்டு, நிலப்படத்தை விட்டுவிட்டு எந்தப் படத்தையும் அறுத்து விற்றார்கள். இன்று வீடுதோறும் இருக்கும் ஜிக்சா புதிர்களுக்கு அதுவே தொடக்கம்.

நியூரம்பெர்க்கில் பெஸ்டெல்மையர் என்ற வணிகர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படங்களுடன் விலைப்பட்டியல் வெளியிட்டார். 1803-ஆம் ஆண்டுப் பட்டியலில் 1200-க்கும் அதிகமான பொருள்கள் இடம்பெற்றன. பொம்மை வீடுகளுக்கும் தகர வீரர்களுக்கும் அருகிலேயே மாய விளக்குகள், காந்தப் பொருள்கள், நிலைமின்சாரம் உண்டாக்கும் கருவிகள், கட்டடக் கட்டைகள் ஆகியவை வரிசையாக நின்றன. கடைக்கு வர முடியாத ஊர்ப் பெற்றோர் வீட்டிலிருந்தே பட்டியலைப் புரட்டித் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பருக்கு முன்பு பட்டியலைப் புரட்டும் பழக்கத்தின் முன்னோடி இது. எதை வாங்குவது என்ற குழப்பமும் இங்கேதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1200 பொருள்களில் எது இந்தக் குழந்தைக்கு ஏற்றது என்று பட்டியல் சொல்லவில்லை.

அதைச் சொல்ல முயன்றவர்கள் அயர்லாந்தில் வாழ்ந்த மரியா எட்ஜ்வொர்த்தும் அவருடைய தந்தை ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த்தும். இருவரும் எழுதி 1798-இல் வெளிவந்த கல்வி நூலின் முதல் அத்தியாயமே விளையாட்டுப் பொருள்களைப் பற்றியதுதான். பெரிய குடும்பம் அது. தம்பி தங்கைகள் விளையாடுவதை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுத்து எழுதிய நூல் என்பதால் அதில் வெற்று உபதேசம் குறைவு. பொன்முலாம் பூசிய வண்டியும் எல்லாம் நிறைந்த பொம்மை வீடும் குழந்தைக்குச் செய்ய ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை, ஆகவே குழந்தை அவற்றை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. அது குறும்பு அல்ல, தேடல் என்று அவர்கள் வாதிட்டார்கள். மரத்துண்டு, அட்டை, கத்தரிக்கோல், கம்பி, சக்கரம், உண்மையிலேயே வெட்டக்கூடிய சிறு தச்சுக்கருவிகள் ஆகியவற்றை விற்கும் அறிவார்ந்த பொம்மைக்கடை வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். அப்படி ஒரு கடை அப்போது எங்கும் இல்லை. ஆயினும் பரிசைத் தேர்ந்தெடுக்க அவர்கள் வைத்த அளவுகோலைவிடச் சிறந்த ஒன்று அடுத்த 200 ஆண்டுகளிலும் எழவில்லை: இந்தப் பொருளைக் கொண்டு குழந்தை என்ன செய்ய முடியும்?

பொருளாக இல்லாத ஒரு பரிசும் இந்த வரலாற்றில் உண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825-இல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்கான சொற்பொழிவுகளைத் தொடங்கியது. முதல் ஆண்டு பேசியவர் ஜான் மில்லிங்டன். இதற்கு உயிரூட்டியவர் மைக்கேல் ஃபாரடே; 1827 முதல் 1860 வரை 19 தொடர்களை அவரே நடத்தினார். ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு அவருடைய இளமைக்காலம் விடை சொல்கிறது. கொல்லர் வீட்டுப் பிள்ளையான ஃபாரடே 14 வயதில் ரீபோ என்ற புத்தகக் கட்டுநரிடம் வேலை பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தார். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி பேசக் கேட்டுவிட்டு வந்த மார்செட், தாம் புரிந்துகொள்ளப் பட்ட பாட்டை மனத்தில் வைத்து, ஓர் ஆசிரியைக்கும் கேரொலைன், எமிலி என்ற இரு மாணவிகளுக்கும் இடையே நடக்கும் பேச்சாக அந்த நூலை எழுதினார். எமிலியும் கேரொலைனும் ஓயாமல் கேள்வி கேட்கிறார்கள். சில நேரம் ஆசிரியையோடு முரண்படவும் செய்கிறார்கள். நூல் முதலில் ஆசிரியர் பெயர் இல்லாமலேயே வெளிவந்தது.

1812-இல் ரீபோவின் வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ், டேவியின் கடைசிச் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகளை ஃபாரடேக்குக் கொடுத்தார். சிறிய பரிசுதான். ஆனால் அந்த இளைஞன் எதில் ஊறிக் கிடக்கிறான் என்று கவனித்துக் கொடுத்தது. ஃபாரடே கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே தைத்துக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆக, டேவியின் அரங்கில் பிறந்த ஆர்வம் மார்செட்டின் நூலாகி, அந்த நூல் புத்தகக் கட்டுநரிடம் வேலை பழகிய ஃபாரடேயின் கைக்கு வந்து, அவர் அதே அரங்கில் நின்று அடுத்த தலைமுறைப் பிள்ளைகளிடம் பேசும் நிலைக்கு வந்தார்.

ஃபாரடேயின் சொற்பொழிவுகளில் புகழ்பெற்றது மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு. 1848-இலும் 1860-இலும் அதை நடத்தினார். எல்லாப் பிள்ளைகளும் தினமும் பார்க்கும் மெழுகுவர்த்தி ஒன்றுதான் மூலப்பொருள். உருகிய மெழுகு திரியில் ஏன் ஏறுகிறது, சுடரின் எந்தப் பகுதி சூடு, எரிந்த பின் என்ன உண்டாகிறது, அந்தப் புகையற்ற வாயுவும் மனிதர் வெளிவிடும் மூச்சும் எப்படி ஒத்திருக்கின்றன என்று ஆறு நாள்களில் சுடரிலிருந்து சுவாசம் வரை அழைத்துச் சென்றார். சார்லஸ் டிக்கன்ஸ் 1850-இல் ஃபாரடேயிடம் கேட்டு அந்தக் குறிப்புகளை வாங்கி, தம் வார இதழில் குடும்பத்தார் வீட்டில் பேசிக்கொள்ளும் கட்டுரையாக வெளிவரச் செய்தார். 1861-இல் வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து நூலாக வந்தது. அரங்கில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கும் இப்படி அந்தப் பரிசு போய்ச் சேர்ந்தது. 1939 முதல் 1942 வரை போர் காரணமாக நின்றதைத் தவிர, சொற்பொழிவுகள் ஆண்டுதோறும் தொடர்ந்து வருகின்றன.

இந்தத் தொடரின் நீண்ட விளைவை ஒரு வாழ்க்கையில் தெளிவாகப் பார்க்க முடியும். எக்ஸ் கதிர்களால் படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டறிந்து, மகனோடு 1915-இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக், 1923 கிறிஸ்துமஸில் பொருள்களின் இயல்பு பற்றிப் பேசினார். 1925-இல் அது நூலானது. 1910-இல் பிறந்த டோரதி என்ற சிறுமிக்கு 10 வயதிலிருந்தே படிகங்கள்மேல் ஈர்ப்பு. அவளுடைய 16-ஆம் பிறந்த நாளுக்குத் தாயார் வாங்கிக் கொடுத்தது பிராக்கின் அந்த நூல். அணுக்களைக் கண்ணால் காண்பதுபோல் எக்ஸ் கதிர்களால் காண முடியும் என்று அதில் படித்த டோரதி ஹாட்ஜ்கின், பின்னாளில் பெனிசிலின், வைட்டமின் பி12, இன்சுலின் ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தார். 1964-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது. புத்தகம் அவரை விஞ்ஞானியாக்கிவிட்டது என்று சொன்னால் மிகை. ஆறு ஆண்டுகளாக அந்தப் பெண்ணிடம் இருந்த ஆர்வத்துக்கு அடுத்த படி எது என்று அந்தத் தாய் சரியாகப் பார்த்திருக்கிறார்.

ஜெர்மனியில் படிகங்களிலிருந்து வேறொரு வழி பிறந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் படிகவியல் அறிஞர் வைஸ்ஸிடம் பணியாற்றிய ஃபிரீட்ரிஷ் ஃபிரோபெல், எளிய வடிவங்களிலிருந்து சிக்கலான வடிவங்கள் ஒழுங்காக வளர்வதைக் கண்டு, குழந்தையின் மனமும் அப்படி வளர்வதாக நம்பினார். 1837-இல் தூரிங்கியாவின் பிளாங்கன்பர்க்கில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, கொடைகள் என்று பெயரிட்ட விளையாட்டுப் பொருள்களைச் செய்து அனுப்பினார். முதல் கொடை ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். இரண்டாவதில் மரக்கோளமும் கனசதுரமும் உருளையும். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். பிரித்து அடுக்கி, விளையாடி முடித்ததும் மீண்டும் முழுமையாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொன்றிலும் துண்டுகள் பெருகின, வெட்டுகள் சாய்ந்தன. வயதும் வரிசையும் பார்த்துப் பரிசு கொடுக்கும் முறையை முதன்முதலில் முழுமையாக வகுத்தவர் ஃபிரோபெல்தான். பிரஷ்ய அரசு 1851-இல், ஃபிரோபெல் முறையில் நடந்த கிண்டர்கார்ட்டன் என்ற மழலையர் பள்ளிகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே ஃபிரோபெல் இறந்தார். தடை 1860-இல் நீங்கியது. அதற்குள் அவருடைய மாணவிகள் அந்த முறையை மற்ற நாடுகளுக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் கொடைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1876 பிலடெல்ஃபியா கண்காட்சியில் தம் தாயார் அவற்றைக் கண்டு வாங்கி வந்ததாகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் தன்வரலாற்றில் எழுதினார். வடிவமைப்பின் அடிப்படையை அந்த மேப்பிள் மரக்கட்டைகளிலிருந்து கற்றதாக முதுமையிலும் சொல்லிவந்தார்.

ஃபிரோபெல் முன்பு பள்ளி நடத்திய கைல்ஹாவுக்கு அருகிலேயே ருடோல்ஷ்டாட் நகரம். பின்னாளில் பறவைபோல் சறுக்கிப் பறந்து புகழ்பெற்ற ஓட்டோ லிலியன்தாலும் அவருடைய சகோதரர் குஸ்தாவும், மணலும் சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து கல் போன்ற கட்டைகளை உருவாக்கியிருந்தார்கள். விற்கத் தெரியாததால் உரிமையை ருடோல்ஷ்டாட் தொழிலதிபர் ஃபிரீட்ரிஷ் அடோல்ஃப் ரிஷ்டருக்கு 1880-இல் கொடுத்துவிட்டார்கள். செங்கல் நிறத்தில் சிவப்பு, மணற்கல் நிறத்தில் மஞ்சள், கூரைப் பலகை நிறத்தில் நீலம் என்று மூன்றே நிறங்கள். மரக்கட்டையைவிடக் கனமானவை, ஆகவே பசையின்றியே கோபுரம் நின்றது. நங்கூரச் சின்னத்தோடு விற்ற இந்தப் பெட்டிகளில் ரிஷ்டர் செய்த புதுமை எண்முறை. கையில் இருக்கும் பெட்டியோடு அதற்குரிய துணைப்பெட்டியைச் சேர்த்தால் அடுத்த எண்ணுள்ள பெரிய பெட்டி ஆகிவிடும். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கியது அடுத்த கிறிஸ்துமஸில் வீணாகாது. வியாபாரத் தந்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தையின் திறமையோடு பரிசும் வளர்ந்தது. அத்தை மாமாக்களுக்கும் எந்த எண் வாங்க வேண்டும் என்று குழப்பமில்லாமல் தெரிந்தது.

லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி நிறுவனமொன்றில் கணக்கராக இருந்த ஃபிராங்க் ஹார்ன்பி இதை உலோகத்துக்குக் கொண்டுவந்தார். தம் மகன்களுக்காக அவர் செய்து கொடுத்த பொம்மைக் கிரேனில் ஒரு குறை இருந்தது: ஒவ்வொரு பாகமும் அந்தக் கிரேனுக்கு மட்டுமே பொருந்தியது. எல்லாப் பட்டைகளிலும் ஒரே இடைவெளியில் துளைகள் இருந்தால், ஒரே பாகத்தைக் கிரேனுக்கும் பாலத்துக்கும் வண்டிக்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றியது. அரை அங்குலத்துக்கு ஒரு துளை, நட்டும் போல்ட்டும், கழற்றிப் பூட்டலாம். 1901-இல் காப்புரிமை பெற்றார். எந்திரவியலை எளிதாக்குவது என்ற பொருள்படும் பெயரில் முதல் பெட்டிகள் விற்பனைக்கு வந்தபோது, லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா பரிந்துரைத்து எழுதினார். 1907-இல் மெக்கானோ என்ற பெயர் வந்தது. 1914-இல் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை, 1916-இல் மெக்கானோ இதழ்.

மெக்கானோவும் எண்ணிட்ட பெட்டிகளாகவே வந்தது, இடையில் துணைப்பெட்டிகள். சிறிய பெட்டியில் கைவண்டி செய்த பையன், அட்டைப்படத்தில் இருக்கும் பெரிய கிரேனைச் செய்ய இன்னும் எத்தனை கிறிஸ்துமஸ் என்று எண்ணிக்கொண்டிருந்தான். இதழ் அவனுக்குத் துணை நின்றது. உலகின் பாலங்கள், நீராவி எஞ்சின்கள், சுரங்கப் பாதைகள் பற்றிய கட்டுரைகள், மாதிரி செய்யும் போட்டிகள், வாசகர் கண்டுபிடித்த புதிய பொறியமைப்புகள் என்று மாதந்தோறும் அது வந்தது. டிசம்பர் 25 மாலையோடு சலித்துப்போகும் பொருளாக மெக்கானோ ஆகாததற்கு இதழும் ஒரு காரணம். கல்விப் பரிசு என்ற பெயரில் வந்தவற்றில் எட்ஜ்வொர்த் குடும்பத்தின் அளவுகோலுக்கு மிக நெருங்கி வந்தது இதுதான். பெட்டியில் இருந்தது பாடம் அல்ல, உண்மையான பொறியாளரின் கையிலும் செல்லக்கூடிய பாகங்கள். 1934-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் ஆர்தர் போர்ட்டரும், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரத்தின் மாதிரியைப் பெரும்பாலும் மெக்கானோ பாகங்களாலேயே கட்டினார்கள். உண்மையான ஆராய்ச்சிக் கணக்குகளை அது போட்டது. கார்பன் அணுக்கள் பந்துபோல் கூடும் மூலக்கூற்றைக் கண்டறிந்து 1996-இல் நோபல் பரிசு பெற்ற ஹாரி குரோட்டோ, நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று விரல்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சிறுவயது மெக்கானோதான் என்ற கருத்தைப் பல இடங்களில் சொன்னார்.

அமெரிக்காவில் இதே துறையில் இறங்கியவர் ஆல்ஃபிரட் கார்ல்டன் கில்பர்ட். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கழியூன்றித் தாண்டுதலில் தங்கம் பகிர்ந்துகொண்டவர். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு மந்திர வித்தைச் சாமான்கள் விற்றவர். ரயில் பாதை ஓரத்தில் மின்கம்பிகளுக்காக எழுப்பிய எஃகுச் சட்டங்களைப் பார்த்து எரெக்டர் பெட்டியை உருவாக்கி 1913-இல் வெளியிட்டார். விளிம்பு மடிந்த பட்டைகளால் சதுரத் தூண் கட்டலாம். மோட்டாரும் சேர்த்து வைத்தார். 1918-இல் போர்க்காலச் சிக்கனம் கருதி அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழு பொம்மை உற்பத்தியை நிறுத்தவும் கிறிஸ்துமஸ் பரிசுகளைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்கவும் யோசித்தது. பொம்மை உற்பத்தியாளர் சங்கத் தலைவராகக் கில்பர்ட் வாஷிங்டன் சென்றார். வாதத்தோடு பொம்மைகளையும் எடுத்துச் சென்றார். போர்த்துறைச் செயலரும் கடற்படைச் செயலரும் இருந்த அறையில் அமைச்சர்களே அவற்றைக் கையிலெடுத்துப் பார்க்கத் தொடங்க, நாளைய பொறியாளர்களும் வீரர்களும் இந்தப் பெட்டிகளிலிருந்துதான் வருவார்கள் என்று அவர் பேசினார். தடை கைவிடப்பட்டது. பத்திரிகைகள் கிறிஸ்துமஸைக் காப்பாற்றியவர் என்று அவரைக் கொண்டாடின. கல்விப் பரிசு நாட்டின் தேவை என்ற பேச்சு அதன் பின் விளம்பரங்களில் நிலைத்துவிட்டது.

ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ரசாயனங்கள் முதல் உலகப் போரால் நின்றதும், அமெரிக்காவில் சொந்த ரசாயனத் தொழில் வளர்ந்தது. வேதியியல் எதிர்காலமுள்ள படிப்பாயிற்று. மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் போர்ட்டர் சகோதரர்கள் கெம்கிராஃப்ட் என்ற ரசாயனப் பெட்டிகளை விற்றார்கள்; 1920-களில் கில்பர்ட்டும் போட்டிக்கு வந்தார். மரப்பெட்டியைத் திறந்தால் சிறு புட்டிகள், சோதனைக் குழாய்கள், சாராய விளக்கு, சோதனைக் கையேடு. நிறம் மாறும் திரவமும் புகையும் நாற்றமும்தான் பிள்ளைகளை ஈர்த்தன. பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய கார்டன் மூர், கலிஃபோர்னியாவில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்த ரசாயனப் பெட்டியில்தான் தம் வேதியியல் ஆர்வம் பிறந்ததாகச் சொன்னார். யாருக்கு வாங்கிய பரிசு யாரிடம் வேலை செய்கிறது என்பதைப் பெற்றோரால் முன்கூட்டித் தீர்மானிக்க முடிவதில்லை.

இந்தப் பெட்டிகளின் மூடிகளில் இருந்த படங்கள் வருத்தம் தருபவை. தந்தையும் மகனும், அல்லது பையன் மட்டும். கில்பர்ட்டின் விளம்பரங்கள் பையன்களைத்தான் பெயர் சொல்லி அழைத்தன. ஒரு நூற்றாண்டுக்கு முன் மார்செட்டின் நூலில் கேள்வி கேட்டவர்கள் இரண்டு சிறுமிகள் என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை. 1950-களில் கில்பர்ட் நிறுவனம் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புப் பெட்டி ஒன்றை வெளியிட்டபோதும், ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்குப் பழகுவதாகவே அதற்குப் பெயர் வைத்தது. நுண்ணோக்கி உண்மையானதுதான், ஆனால் விஞ்ஞானி என்ற சொல் பையன்களின் பெட்டியிலேயே நின்றுவிட்டது. ஹாட்ஜ்கின் போன்றவர்கள் இத்தகைய படங்களைத் தாண்டி வந்தார்கள் என்றால், அவர்களைச் சுற்றி இருந்த பெற்றோரின் பங்கு அதில் பெரிது.

1950-இல் கில்பர்ட் வெளியிட்ட அணுசக்தி ஆய்வகப் பெட்டியில் யுரேனியத் தாதுக்கள், கதிர்வீச்சை எண்ணும் கருவி, துகள்களின் தடத்தைக் காட்டும் மேகக்கலம் எல்லாம் இருந்தன. விலை 49 டாலர் 50 சென்ட். அந்தக் காலத்தில் பெருந்தொகை. அது சீக்கிரமே சந்தையிலிருந்து போய்விட்டது. 1960-களில் அபாயகரமான பொருள்களுக்கும் பொம்மைகளின் பாதுகாப்புக்கும் அமெரிக்காவில் வந்த சட்டங்கள் ரசாயனப் பெட்டிகளைக் கட்டுப்படுத்தின. புட்டிகள் குறைந்தன, விளக்கு போயிற்று. காயம்பட்ட பிள்ளைகளுக்காகச் செய்தது. தவறு என்று சொல்ல முடியாது. கில்பர்ட் 1961-இல் இறந்தார், அவருடைய நிறுவனம் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மூடியது. பின்ஸ் சாலை மெக்கானோ தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடியது. அதற்குள் டென்மார்க்கின் பில்லுண்டு ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் குடும்பம் செய்த லெகோ கட்டைகள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. உள்ளே குழாய்கள் வைத்து இறுக்கிப் பிடிக்கும் அமைப்புக்கு அவர்கள் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார்கள். அன்று செய்த கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும்.

விலை என்ற தடை இந்த வரலாறு முழுவதும் உடன் வருகிறது. ஸ்பில்ஸ்பரியின் படங்களும் நங்கூரக் கட்டைகளும் பெரிய மெக்கானோ பெட்டியும் வசதியான வீட்டுக்கே உரியவை. 1981-இல் பிபிசியின் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் நிறுவனம் செய்த பிபிசி மைக்ரோ கணினி பிரிட்டனில் ஒரு தலைமுறையையே நிரல் எழுத வைத்தது. ஆனால் அதை வீட்டுக்கு வாங்க முடிந்தவர்கள் சிலரே. பல பிள்ளைகள் பள்ளியில்தான் அதைத் தொட்டார்கள். பின்னர் வந்த வீட்டுக் கணினிகளும் விளையாட்டு எந்திரங்களும் திறந்து பார்க்க இடம் தரவில்லை. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களிடம் முன்பிருந்த கைப்பழக்கம் குறைந்துவிட்டதைக் கவனித்த எபன் அப்டனும் நண்பர்களும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி உறையில்லாத ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகையை உருவாக்கி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக்ரோபிட் என்ற சிறு பலகைகள் சுமார் 10 லட்சம் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, 5 டாலர் விலையுள்ள பை ஜீரோ கணினியை ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் மாத இதழ் அட்டையிலேயே ஒட்டிக் கொடுத்தது; பத்திரிகைக் கடையில் இதழை வாங்கியவர்களுக்குக் கணினியும் சேர்ந்து கிடைத்தது, அதைக் கொண்டு செய்யக்கூடியவற்றை இதழின் பக்கங்கள் சொன்னன.